பல்கலைக்கழக வளாகமும் கரிம வெளியேற்றமும்: ஏர்கோனில் தொடங்கும் கணக்கு

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து விடுதிக்குப் புறப்படும் பிள்ளையின் பெட்டியில் தவறாமல் ஒரு ஸ்வெட்டர் இருக்கும். வெளியே 33 டிகிரி வெயில் கொளுத்தும். விரிவுரை மண்டபத்துக்குள் போனால் பல் கிட்டும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு நாட்டில் மாணவர்களுக்குக் கம்பளிச் சட்டை எதற்கு என்று கேட்டுப் பார்த்தால், வளாகத்தின் கரிம வெளியேற்றத்தில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது என்பதற்கான விடை கிடைத்துவிடும்.

பசுமை இல்ல வாயுக்களைக் கணக்கிட உலகம் முழுவதும் ஏறத்தாழ ஒரே முறைதான் பின்பற்றப்படுகிறது. வெளியேற்றம் மூன்று வகையாகப் பிரிக்கப்படும். வளாகத்துக்குள்ளேயே வெளியாவது முதல் வகை: சொந்தப் பேருந்துகளின் டீசல், ஜெனரேட்டர், சமையல் எரிவாயு, ஏர்கோனிலிருந்து கசியும் வாயு. விலைக்கு வாங்கும் மின்சாரம் இரண்டாம் வகை. மாணவர்களும் ஊழியர்களும் வந்துபோகும் பயணம், விரிவுரையாளர்களின் விமானப் பயணம், குப்பை, கட்டுமானப் பொருள் எல்லாம் மூன்றாம் வகை. முதல் இரண்டையும் மட்டும் கணக்கெடுத்து "குறைத்துவிட்டோம்" என்று அறிவிக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. அறிக்கையைப் படிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, எந்த வகை விடுபட்டிருக்கிறது என்பதைத்தான்.

நம் வட்டாரத்தில் மின்சாரத்தில் பெரும்பங்கு குளிரூட்டலுக்கே போகிறது. ஆனால் அதே ஒரு யூனிட் மின்சாரம் எல்லா ஊரிலும் ஒரே அளவு கரியமில வாயுவை வெளியிடுவதில்லை. நிலக்கரியும் எரிவாயுவும் கலந்த தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் முக்கால் கிலோ. பெரும்பாலும் இயற்கை எரிவாயுவை நம்பியிருக்கும் சிங்கப்பூரில் சுமார் 0.4 கிலோ. நீர்மின்சாரம் நிறைந்த சரவாக்கில் அதிலும் குறைவு. ஆக, பாங்கியிலோ செர்டாங்கிலோ ஒரு விளக்கை அணைப்பது, சிங்கப்பூரில் அதே விளக்கை அணைப்பதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பலன் தரும். சூரியசக்தித் தகடு பொருத்துவதற்கும் இதே கணக்குதான்.

வெப்பநிலையை ஏற்றி வைப்பது செலவில்லாத முதல் படி. மலேசியாவில் கட்டடங்களின் மின்சிக்கனத்துக்கான எம்எஸ் 1525 தரநிலை 24 முதல் 26 டிகிரிவரை போதும் என்கிறது. பல மண்டபங்களில் அது 20ஐ ஒட்டியே நிற்கிறது. காரணம் எப்போதும் அலட்சியம் அல்ல. 300 பேருக்காகக் கட்டிய மண்டபத்தில் 40 பேர் உட்கார்ந்திருப்பார்கள்; இயந்திரமோ 300 பேருக்கான குளிரைத்தான் தள்ளிக்கொண்டிருக்கும். அட்டவணையை மாற்றிச் சிறு வகுப்பைச் சிறு அறைக்கு அனுப்பினாலே மின்கட்டணம் குறையும். இதற்குப் பொறியாளர்கூட வேண்டாம், நேர அட்டவணை போடும் எழுத்தர் போதும்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2019 ஜனவரியில் திறந்த எஸ்டிஇ4 கட்டடம் இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகியது. ஆறு மாடி, சுமார் 8,500 சதுர மீட்டர். கூரையில் 1,200க்கும் மேற்பட்ட சூரியசக்தித் தகடுகள். ஓராண்டில் கட்டடம் பயன்படுத்தும் மின்சாரத்தை அதே கூரை ஈடுகட்ட வேண்டும் என்பது இலக்கு. தகடுகளை அடுக்கினால் மட்டும் அது நடக்காது. முதலில் தேவையைக் குறைக்க வேண்டும். அதனால் அங்கே அறைகளுக்குள் வழக்கத்தைவிடச் சற்று வெப்பமான காற்றை அனுப்பி, கூரைவிசிறியால் அதைச் சுழலவிடுகிறார்கள். காற்று உடலில் படும்போது இரண்டு மூன்று டிகிரி குறைந்ததுபோல் தோன்றும். கூரைவிசிறிக்குத் தேவை சில பத்து வாட். ஒரு குதிரைத்திறன் ஏர்கோனுக்கோ ஏழு எட்டு நூறு வாட். நடைபாதைகளும் பொது இடங்களும் திறந்தவெளியாக விடப்பட்டன. பெரிய கூரை வெளியே நீண்டு நிழல் தருகிறது.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. உயர்ந்த கூரை, சுற்றிலும் வராந்தா, எதிரெதிர் சன்னல்கள் என்று துரை பங்களாக்கள் நின்றது இதே கணக்கில்தான். மலாயாப் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலைஞர் கிங்டன் லூ வடிவமைத்து 1966இல் முடிந்த துங்கு வேந்தர் மண்டபத்தின் முகப்பிலும் வெயிலைத் தடுக்கும் கான்கிரீட் அடைப்புகளைப் பார்க்கலாம். பிறகு வந்த காலத்தில் கண்ணாடிச் சுவர் நாகரிகமானது; உள்ளே வரும் வெயிலை வெளியேற்றவே தனியாக மின்சாரம் செலவிட வேண்டியதாயிற்று.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2023இல் திறந்த கயா கட்டடம் இன்னொரு பக்கத்தைத் தொடுகிறது. 43,500 சதுர மீட்டர் பரப்பளவு கொண்ட அது பெரும்பாலும் மரத்தால் ஆனது. சிமெண்டும் எஃகும் தயாரிக்கும்போதே ஏராளமான கரியமில வாயு வெளியாகிவிடுவதால், கட்டடம் திறக்கும் முன்பே கடன் ஏறிவிடும். அந்தக் கடனைக் குறைப்பதே மரத்தின் வேலை. ஆனால் இருக்கும் பழைய கட்டடத்தை இடிக்காமல் சீர்செய்வது அதைவிடவும் சிக்கனம். திறப்பு விழாவுக்குப் பழைய கட்டடம் அவ்வளவாக எடுபடாது என்பதுதான் அதன் குறை.

கண்ணுக்குத் தெரியாத ஒரு கசிவும் இருக்கிறது. "கேஸ் குறைந்துவிட்டது, நிரப்ப வேண்டும்" என்று ஏர்கோன் பழுதுபார்ப்பவர் சொல்வதைக் கேட்காத வீடு இல்லை. குறைந்த வாயு எங்கே போனது? காற்றில் கலந்தது. பரவலாகப் பயன்பாட்டில் இருக்கும் ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ, கரியமில வாயு 2,000 கிலோவுக்கு நிகராக வெப்பத்தைப் பிடித்துவைக்கும். 10 கிலோ கசிந்தால் 20 டன். தீபகற்ப மலேசியாவில் மாதம் 350 யூனிட் எடுக்கும் ஒரு வீடு ஏறக்குறைய ஆறு ஆண்டுகளில் வெளியிடும் அளவு அது. ஆர்-32 வாயுவுக்கு இந்தப் பாதிப்பு சுமார் மூன்றில் ஒரு பங்குதான். ஆயிரக்கணக்கான ஏர்கோன்கள் ஓடும் வளாகத்தில் கசிவுப் பதிவேடு ஒன்றை ஒழுங்காக வைத்திருப்பது, நூறு மரம் நடுவதைவிட அதிகம் பயன் தரும். மரம் நடுவதில் படம் எடுத்துக்கொள்ளலாம். பதிவேட்டில் அது முடியாது.

ஆய்வுக்கூடங்கள் தனி உலகம். மாதிரிகளைப் பாதுகாக்கும் உறைபெட்டிகளை மைனஸ் 80 டிகிரிக்குப் பதில் மைனஸ் 70இல் வைத்தால் அவற்றின் மின்சாரத்தில் 30 விழுக்காடுவரை மிச்சமாகும். நச்சுப்புகையை உறிஞ்சும் பெட்டிகளின் கண்ணாடிக் கதவைத் திறந்தே விட்டால், குளிரூட்டிய காற்று முழுவதும் புகைபோக்கி வழியாகப் போய்க்கொண்டே இருக்கும்.

உணவுக் கழிவைப் பொறுத்தவரை தோட்டத்து உதாரணமே போதும். செம்பனை எண்ணெய் ஆலையின் பின்னால் கழிவுநீர்க் குளத்தில் குமிழி விடுவது மீத்தேன். காற்றுப் புகாத இடத்தில் எது மட்கினாலும் அது உண்டாகும். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 27 மடங்குக்கும் மேல் கேடு செய்யும். கண்டீனில் மிஞ்சிய சோறு குப்பைமேட்டில் புதைந்தாலும் அதே கதைதான். உரமாக்கினாலோ, மூடிய கலத்தில் மட்கவைத்து வாயுவைப் பிடித்தாலோ தப்பிக்கலாம்.

சூரியசக்தியில் ஒரு கணக்குக் குழப்பம் அடிக்கடி வரும். மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பகாங், கம்பாங்கில் 50 மெகாவாட் சூரியசக்திப் பண்ணையை 2019இல் தொடங்கியது. பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் அந்த மின்சாரம் தெனாகா நேஷனலுக்கு விற்கப்படுகிறது. விற்ற மின்சாரத்தின் பசுமைப் பெயரை வாங்கியவரும் விற்றவரும் இருவருமே சொந்தம் கொண்டாட முடியாது. தரவரிசைகளிலும் இதே கவனம் தேவை. இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010இல் தொடங்கிய பசுமைத் தரவரிசையில் எரிசக்திக்கும் பருவநிலைக்கும் மதிப்பெண்ணில் ஒரு பகுதிதான். விவரங்களை அனுப்புவதும் பல்கலைக்கழகங்களே.

சிக்கனத்தின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதையும் பேச வேண்டும். விடுதி அறையில் ஏர்கோனுக்குத் தனிக் கட்டணம் வைத்தால் பயன்பாடு சட்டென்று குறையும். அப்போது வசதியுள்ள மாணவர் குளிரில் தூங்குவார். பிடிபிடிஎன் கடனில் படிப்பவர் மேல்மாடி அறையில் வியர்த்துக்கொண்டு தேர்வுக்குத் தயாராவார். குறுக்குக் காற்றோட்டமும் நல்ல விசிறியும் கூரைக்கு வெப்பத் தடுப்பும் இல்லாத கட்டடத்தில் மீட்டரை மட்டும் மாட்டுவது கரிமக் குறைப்பு ஆகாது, செலவை மாணவர்மேல் தள்ளுவதுதான். நிழலில்லாத வளாகத்தில் கார் நிறுத்துமிடத்தை மூடுவதும் அப்படியே. கப்சாயில் வரும் மாணவருக்குக் கூரையிட்ட நடைபாதையும், நேரத்துக்கு வரும் பேருந்தும் முதலில் வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று தெரியாத நிர்வாகத்துக்கு அனுபவமுள்ள தணிக்கையாளர்கள் சொல்லும் வேலை எளிமையானது. பருவ விடுமுறையில், யாரும் இல்லாத அதிகாலை 3 மணிக்கு ஒவ்வொரு கட்டடத்தின் மின்மானியையும் பார்ப்பது. உறைபெட்டி, சர்வர், பாதுகாப்பு விளக்கு போக மீதி ஓடிக்கொண்டிருப்பது எதுவோ, அதை மறுநாள் காலையிலேயே அணைத்துவிடலாம்.