28 நாள் கடலில், 28 நாள் லீவு: ஆயில் ரிக் ஊழியர்கள் வீட்டுக்குப் போகாமல் வெளிநாடு பறப்பது ஏன்?

வருஷத்துல பாதி நாள் லீவு, கை நிறையச் சம்பளம், லீவு விட்டால் தாய்லாந்து, ஜார்ஜியா, வியட்நாம் என்று போட்டோக்கள். கடலில் எண்ணெய் எடுக்கும் ரிக்கில் வேலை பார்ப்பவர்களைப் பற்றி ஊரில் இருக்கும் பேச்சு இதுதான். போட்டோவில் தெரியாத கணக்குகள் இரண்டு. ஒன்று, அந்த லீவுக்காக அவர்கள் கடலில் கொடுக்கும் மணி நேரம். இன்னொன்று, வெளிநாட்டுப் பயணத்துக்குப் பின்னால் இருக்கும் வருமான வரிக் கணக்கு. இரண்டாவது கணக்கில் தப்பு செய்தால், ஒரு வருஷச் சம்பளத்துக்கே இந்தியாவில் வரி கட்ட வேண்டியிருக்கும்.

ரிக்கில் ஒரு நாள் எப்படி இருக்கும்?

ஷிஃப்ட் 12 மணி நேரம். காலை 6 முதல் மாலை 6 வரை ஒரு குழு, மாலை 6 முதல் காலை 6 வரை இன்னொரு குழு. சில ரிக்குகளில் பகல் 12, நள்ளிரவு 12 என்று மாறும். ஞாயிறு, பண்டிகை எதுவும் கிடையாது. 28 நாளும் 12 மணி நேரம் என்றால் மொத்தம் 336 மணி நேரம். வாரத்தில் 6 நாள், தினமும் 8 மணி நேரம் வேலை பார்ப்பவருக்கு அதே நான்கு வாரத்தில் 192 மணி நேரம்தான் வரும்.

கணக்கில் வராத நேரமும் உண்டு. ஷிஃப்ட் தொடங்கும் முன் பாதுகாப்புக் கூட்டம், முடியும்போது அடுத்தவரிடம் ஒப்படைப்பு, நடுவில் தீயணைப்பு ஒத்திகை. தூங்கிக்கொண்டிருந்தாலும் அலாரம் அடித்தால் லைஃப் ஜாக்கெட்டோடு படகருகே போய் நிற்கணும். அறையில் பெரும்பாலும் இருவர் அல்லது நால்வர். பகல் ஷிஃப்ட்காரரையும் இரவு ஷிஃப்ட்காரரையும் ஒரே அறையில் போடுவது வழக்கம், ஒருவர் தூங்கும்போது மற்றவர் வேலையில் இருப்பார் என்பதால். மது கிடையாது. லைட்டர் கிடையாது. சாதாரண செல்போனைத் தங்குமிடத்துக்கு வெளியே கொண்டுபோகவே கூடாது. எரிவாயு கசியும் வாய்ப்புள்ள இடத்தில் ஒரு சின்னப் பொறி போதும்.

கீழ்மட்டத்தில் ரவுஸ்டபவுட், அதற்கு மேலே ரஃப்நெக், டெரிக்மேன், டிரில்லர், டூல்புஷர் என்று படிநிலை போகும். கிரேன் ஆபரேட்டர், எலக்ட்ரீஷியன், மெடிக், சமையல்காரர் எல்லாம் தனி. ஊரிலிருந்து புதிதாகப் போகிறவர் பெரும்பாலும் அடிமட்ட வேலையில்தான் சேருகிறார். கனமான குழாய்களை நகர்த்துவது, தளத்தைக் கழுவுவது, பெயின்ட் அடிப்பது. வளைகுடாவின் ஆகஸ்ட் வெயிலில் இரும்புத் தளத்தின் மேல் 12 மணி நேரம்.

ஏன் நிறுத்தி நிறுத்தி வேலை செய்ய முடியாது?

ரிக்கின் வாடகை நாள் கணக்கில் ஓடுகிறது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் வெடித்து 11 பேரைப் பலிகொண்ட டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்குக்கு ஒரு நாள் வாடகை மட்டும் சுமார் 5 லட்சம் டாலர். ஆழம் குறைந்த கடலில் கால் ஊன்றி நிற்கும் ஜாக்-அப் ரிக்குகளுக்கு இதைவிடக் குறைவு என்றாலும், அதுவும் சின்னத் தொகை இல்லை. அதோடு, பாதி தோண்டிய கிணற்றை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போக முடியாது. உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் கனமான திரவம் கொண்டு தொடர்ந்து அடக்கி வைக்க வேண்டும்.

ஊழியரை தினமும் கரைக்குக் கூட்டிவந்து விடுவதும் நடக்காத காரியம். ஹெலிகாப்டரில்தான் போக்குவரத்து. அதனால்தான் "ரொட்டேஷன்" முறை. நார்வேயில் 2 வாரம் வேலை, 4 வாரம் லீவு. பிரிட்டன் பக்கம் வடகடலில் 2 அல்லது 3 வாரம் வேலை. மும்பை ஹையில் ஓ.என்.ஜி.சி. ஊழியர்களுக்கு 14 நாள் வேலை, 14 நாள் லீவு. வளைகுடாவில் வெளிநாட்டு ஊழியர்களுக்கு 28/28 பரவலாக உண்டு. கீழ்மட்ட வேலைகளில் 56 நாள் வேலை, 28 நாள் லீவு என்ற ஒப்பந்தங்களும் இருக்கின்றன. "பாதி வருஷம் லீவு" அவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது.

இன்னொரு விஷயம், சம்பளம். சிலருக்கு லீவு நாளுக்கும் சேர்த்து மாதச் சம்பளம். சிலருக்கு "டே ரேட்", கடலில் இருந்த நாளுக்கு மட்டும்தான் காசு. ஒரு நாளுக்கு இவ்வளவு என்று கேட்டதும் மலைத்துப்போய் கையெழுத்துப் போடுகிறவர்கள், அதை இரண்டால் வகுத்துப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

களைப்பு ஏன் இவ்வளவு பெரிய பிரச்னை?

1988 ஜூலை 6. ஸ்காட்லாந்துக்கு அப்பால் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய்த் தளம். பகல் ஷிஃப்ட்டில் ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள். வேலை முடியவில்லை. மாலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் மாறியபோது அந்தத் தகவல் அடுத்த குழுவுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. இரவு பத்து மணிக்குச் சற்று முன்பு இன்னொரு பம்ப் நின்றுபோக, வால்வு இல்லாத பம்ப்பை இயக்கினார்கள். வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். தளத்தில் இருந்தவர்களில் 61 பேர்தான் உயிரோடு திரும்பினார்கள். இந்த விபத்துக்குக் காரணம் களைப்பு என்று சொல்ல முடியாது. ஆனால், 12 மணி நேரம் முடித்தவர் ஷிஃப்ட் தொடங்குகிறவரிடம் என்ன சொல்கிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உலகமே புரிந்துகொண்டது இதற்குப் பிறகுதான். லார்ட் கல்லன் தலைமையிலான விசாரணை 106 பரிந்துரைகளைக் கொடுத்தது.

களைப்பின் கணக்கு தனி. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு மங்குவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ரிக்கில் இது எப்போது நடக்கும்? இரவிலிருந்து பகலுக்கு ஷிஃப்ட் மாறும் நாட்களில். பல இடங்களில் முதல் பாதி இரவு, அடுத்த பாதி பகல் என்று வைக்கிறார்கள். வீட்டுக்குப் போகும்போது உடம்பு பகலுக்குப் பழகியிருக்கும் என்பது நோக்கம். ஆனால், அந்த மாற்றத்தை வேலை செய்துகொண்டே கடக்க வேண்டும். மாற்றமே இல்லாமல் முழுக்க இரவு ஷிஃப்ட் பார்த்தவருக்கு, லீவின் முதல் சில நாட்கள் வீட்டில் பகலில் தூங்கியே போய்விடும். "வந்தும் வராத மாதிரி இருக்கு" என்று குடும்பத்தினர் குறைபட்டுக்கொள்வது இதனால்தான்.

சரி, வெளிநாடு ஏன்?

ஆசைக்காகப் போகிறவர்கள் நிறைய. ஏற்கெனவே துபாயிலோ தோஹாவிலோ இருப்பதால், அங்கிருந்து டிக்கெட் எடுப்பது சுலபம். ஆனால், அனுபவசாலிகள் பலர் நாட்காட்டியை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுத்தான் போகிறார்கள்.

வெளிநாட்டு வேலைக்குப் போன இந்தியக் குடிமகன், ஒரு நிதியாண்டில் (ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை) 182 நாள் அல்லது அதற்கு மேல் இந்தியாவில் இருந்தால், வருமான வரிச் சட்டப்படி அவர் "இந்தியாவில் வசிப்பவர்" ஆகிவிடுவார். அப்படி ஆனால், சாதாரணமாக உலகில் எங்கே சம்பாதித்ததும் இந்திய வரிக்குள் வந்துவிடும். ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, கத்தார் போன்ற நாடுகளில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இப்போது 28/28 கணக்கைப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 56 நாள். வருஷத்தில் ஆறு முழுச் சுற்று, அதாவது 336 நாள். அதில் வீட்டில் 168 நாள். மீதி 29 நாள் இருக்கிறது. ஏப்ரல் 1 அன்று ஒருவர் ரிக்கில் ஏறினால், அந்த 29 நாளில் 28 நாள் கடலிலேயே போய்விடும். அவரது லீவு மொத்தம் 169 நாள். பிரச்னை இல்லை. அதே ஏப்ரல் 1 அன்று ஒருவர் லீவில் இறங்கினால்? 168-உடன் இன்னொரு 28 சேர்ந்து 196 நாள். கோட்டைத் தாண்டியாச்சு.

ஒரே ரிக், ஒரே வேலை, ஒரே சம்பளம். ஏணியில் ஒருவர் ஏற, இன்னொருவர் இறங்கியவர். வரி மட்டும் வேறு. இரண்டாமவர் 181 நாளுக்குள் நிற்க வேண்டுமானால், லீவில் குறைந்தது 15 நாளை இந்தியாவுக்கு வெளியே கழிக்க வேண்டும். பாங்காக் போட்டோவுக்குப் பின்னால் இருப்பது பல நேரம் இந்த 15 நாள்தான். மனைவியையும் குழந்தைகளையும் துபாய்க்கே வரவழைத்துவிடுகிறவர்களும் உண்டு, பள்ளி விடுமுறை ஒத்துவந்தால்.

கவனிக்க வேண்டியவை சில. விமானத்தில் வந்து இறங்கும் நாள், கிளம்பும் நாள் இரண்டையும் இந்திய நாளாகவே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. இந்தியாவில் வாடகை, வட்டி என்று வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால் 120 நாள் உள்ளிட்ட வேறு விதிகள் வரும், ஆடிட்டரைப் பார்த்தே ஆகணும். கப்பலில் வேலை பார்க்கும் நண்பர் சொல்லும் கணக்கும் இங்கே அப்படியே பொருந்தாது. மாலுமிகளுக்கு சிடிசி புத்தகத்தில் உள்ள தேதியை வைத்துத் தனி விதி இருக்கிறது.

மும்பை ஹையில் இருந்தால் 'வெளிநாடு' ஆகுமா?

ஆகாது. கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி, நாலாபுறமும் தண்ணீர்தான். 1974-ல் சாகர் சாம்ராட் கப்பல் துளையிட்டு எண்ணெய் கண்ட இடம் அது. ஆனால், 200 கடல் மைல் வரையிலான இந்தியப் பொருளாதார மண்டலமும் வருமான வரிச் சட்டத்தின் பார்வையில் இந்தியாதான். அங்கே கழித்த ஒவ்வொரு நாளும் இந்திய நாளே.

மும்பை ஹையில் பருவமழைக் காலத்தில் லீவு தேதியும் நிச்சயமில்லை. ஹெலிகாப்டர் பறக்கலைன்னா ஆள் மாற்றமும் இல்லை. 2005 ஜூலை 27 அன்று அப்படிப்பட்ட வானிலையில்தான், கையில் காயம்பட்ட சமையல்காரர் ஒருவரைச் சிகிச்சைக்காகத் தளத்துக்கு ஏற்ற வந்த கப்பல் எரிவாயுக் குழாயில் மோதித் தீப்பிடித்தது. 22 பேர் பலியானார்கள். 2021 மே மாதம் டவ்-தே புயலில் பி-305 தங்குமிடப் படகு மூழ்கியபோது அதில் இருந்தவர்கள் 261 பேர். மீட்கப்பட்டவர்கள் 186 பேர். லீவு முடியும் நாளுக்கே டிக்கெட் போட்டு வைப்பது, லீவு தொடங்கும் நாளுக்கே போட்டு வைப்பது இரண்டுமே இந்த வேலையில் ஆபத்து.

டூர் போகும்போது எதில் மாட்டிக்கொள்கிறார்கள்?

முதலில் கஞ்சா. சில நாடுகளில் அது கடையிலேயே கிடைக்கிறது. ஆனால், ரிக் நிறுவனங்கள் பலவற்றில் எந்த நேரத்திலும் போதைப்பொருள் பரிசோதனை வரலாம். கஞ்சாவின் தடயம் சிறுநீரில் பல நாட்கள், அடிக்கடி பயன்படுத்துபவருக்கு வாரக்கணக்கில்கூட நிற்கும். வாங்கிய நாட்டில் அது சட்டப்படி சரியாக இருந்தது என்பது வேலையைக் காப்பாற்றாது. வளைகுடா விமான நிலையத்தில் பிடிபட்டால் வேலை மட்டுமல்ல, சிறையும்.

ஐரோப்பா போகிறவர்களுக்கு ஷெங்கன் விதி: எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. அடிக்கடி பறக்கிறவர்களுக்கு 36 பக்க பாஸ்போர்ட் சீக்கிரமே நிரம்பிவிடும். 60 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே கேட்டு வாங்கலாம்.

ஸ்கூபா டைவிங் இன்னொன்று. பலமுறை முங்கியவர் விமானம் ஏறும் முன் குறைந்தது 18 மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். கடைசி நாள் முங்கிவிட்டு அன்றிரவே விமானம், மறுநாள் காலை ரிக்குக்கு ஹெலிகாப்டர் என்று திட்டம் போடுவது உடம்பைச் சோதிக்கிற வேலை.

கிளம்பும் முன் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: போசியட் சான்றிதழின் தேதி. தண்ணீருக்குள் தலைகீழாகக் கவிழும் ஹெலிகாப்டர் மாதிரிக்குள் இருந்து தப்பித்து வெளியே வரும் பயிற்சியும் அதில் அடக்கம். நான்கு ஆண்டுகள்தான் செல்லும். லீவின் நடுவில் அது காலாவதியானால், டூர் பாதியில் முடிந்து பயிற்சிக் குளத்தில்தான் மீதி லீவு.