வண்டியின் வேகமும் வழியின் வேகமும்: மதுரை–சென்னைத் தடம், 1875 முதல் ஹைப்பர்லூப் வரை

மதுரை–சென்னைப் பயண நேரத்தைத் தீர்மானித்தது வண்டியா, வழியா? ஒன்றரை நூற்றாண்டு வரலாறு வழியையே சுட்டுகிறது. மீவேகப் பயணத்தின் எதிர்காலத்தையும் அதை வைத்தே அளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

1. மீட்டர்கேஜ் காலம்

1875-ல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்தது. செலவைக் குறைக்கத் தேர்ந்த மீட்டர்கேஜ் பாதை அது. சென்னை செல்லும் வண்டிகள் தஞ்சாவூர், மாயவரம் என்று காவிரிப் படுகையைச் சுற்றிப் போயின. 1920-களின் இறுதியில் விருத்தாசலம் வழியே திறந்த ‘கார்டு லைன்’ அந்தச் சுற்றை அறுத்தது. இங்கே தூரத்தைக் குறைத்தது புதிய தடம்.

1977 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸ், மீட்டர்கேஜிலேயே ஏறத்தாழ 490 கி.மீ. தூரத்தை 7 மணி 5 நிமிடத்தில் கடந்தது.

2. அகன்ற பின்னும்

1990-களின் இறுதியில் அகலப்பாதை வந்தது. ஆனாலும் 2019 மார்ச்சில் அறிமுகமான தேஜஸ் எக்ஸ்பிரஸுக்கு ஆறரை மணி நேரம் ஆயிற்று. 42 ஆண்டுகளில் மிச்சமானது 35 நிமிடம்! கேஜ் அகன்றபோதும் வளைவுகள் பெரும்பாலும் பழையவையே. நெடுங்காலம் ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்கு வழிவிட்டுக் ‘கிராசிங்’குக்கு நிற்க வேண்டியிருந்தது. 2024-ல் வந்த நாகர்கோவில் வந்தே பாரத், மணிக்கு 180 கி.மீ. ஓடத்தக்க வண்டி. மதுரை வரை அதன் சராசரி வேகமோ 90-ஐ எட்டவில்லை.

3. தையூர்க் குழாய்

2013-ல் ஈலான் மஸ்க் முன்வைத்த ஹைப்பர்லூப், காற்றைப் பெரும்பாலும் வெளியேற்றிய குழாயில் காற்று மெத்தை மேல் மிதக்கும் பெட்டி. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்பதாலேயே இந்தக் குழாய். சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ஆவிஷ்கார்’ மாணவர் குழு 2017 முதல் இதில் உழைக்கிறது. தையூர் வளாகத்தில் 400 மீட்டருக்குச் சற்று நீண்ட சோதனைத் தடமும் உருவாகியிருக்கிறது. தமிழ் மண்ணில் இளைஞர்கள் எடுத்து வைத்த பெருமைக்குரிய அடி இது.

மணிக்கு 1,000 கி.மீ. என்றால் சென்னை அரை மணித் தொலைவு. ஆனால் அந்த வேகத்தில், சாய்வில்லாத வளைவில், பயணி மேல் படும் பக்கவிசை அவர் எடையில் பத்திலொரு பங்குக்குள் அடங்க வேண்டுமானால், வளைவின் ஆரம் ஏறத்தாழ 79 கி.மீ. இருக்க வேண்டும். மதுரையிலிருந்து திண்டுக்கல்கூட அவ்வளவு தூரமில்லை. தடத்தைச் சாய்த்தால் ஆரம் குறையும். ஆயினும் கண்மாயையும் வயலையும் ஊரையும் கண்டு வளைந்து போக இந்தத் தடத்துக்கு இடமிராது.

4. முடிவுரை

மதுரையின் வில்லாபுரத்தை எடுத்துக்கொள்வோம்: நகர மையத்துக்கும், அவனியாபுரம் வழியே சென்றடையும் விமான நிலையத்துக்கும் இடையில் இருக்கும் பகுதி அது. அங்கிருந்து ரயில் நிலையம் போய்ச் சேர நெரிசலில் அரை மணி ஆனால், ஹைப்பர்லூப்பில் சென்னைக்கு ஆகும் அதே நேரம் ஊருக்குள்ளேயே கழிந்துவிடும். ஆகவே ஆய்வுக்கூடத்துக்குத் தரும் ஊக்கத்தைத் தடத்துக்கும் தர வேண்டும்: கண்மாய்களைக் காக்கும் நில வரைபடம், வளைவு திருத்தம், நிலையம்வரை தடையற்ற நகரப் பேருந்து. கார்டு லைன் போட்டவர்கள் முதலில் வழியைத்தான் நேராக்கினார்கள். நாமும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.