நூறாண்டு மை

கிரஹாம் நாஷ் என்றால் கிராஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ் இசைக்குழுவின் பாடகர் என்றுதான் பலருக்கும் தெரியும். அவர் சிறுவயதிலிருந்தே காமிராவும் கையுமாகத் திரிந்தவர். 1980களின் இறுதியில் தன் படங்களைக் கணினியில் ஏற்றித் திருத்திக்கொண்டிருந்தார். திரையில் பார்த்ததைச் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாகக் காகிதத்தில் கொண்டுவருவதற்குத்தான் வழியில்லை.

வழி கலையுலகத்தில் கிடைக்கவில்லை, அச்சுத்தொழிலில் கிடைத்தது. ஐரிஸ் 3047 என்றொரு இயந்திரம். ஆஃப்செட்டில் ஆயிரக்கணக்கில் அடிப்பதற்கு முன்னால், "இப்படித்தான் வரும், சரியா?" என்று வாடிக்கையாளரிடம் காட்டும் ஒற்றை மாதிரியை அடிப்பதற்காகச் செய்யப்பட்டது. நாஷ் அதை 1,26,000 டாலர் கொடுத்து வாங்கினார். கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில், நண்பர் மேக் ஹோல்பர்ட்டோடு சேர்ந்து 1991இல் நாஷ் எடிஷன்ஸ் என்ற அச்சகத்தைத் தொடங்கினார். தடித்த ஓவியக் காகிதம் உள்ளே போகவில்லை என்பதற்காக இயந்திரத்தின் ஒரு பாகத்தையே அறுத்து எறிந்தார்கள். உத்தரவாதம் அதோடு போயிற்று. அங்கே வேலை பார்த்த ஜாக் டுகானே, இந்த அச்சுகளை "இங்க்ஜெட்" என்று விற்றால் மதிப்பிருக்காது என்று, பீய்ச்சுவதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து "ஜிக்லே" என்ற பெயரை உருவாக்கினார். ஓவியக் கடைகளில் இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது.

பெயர் நின்றுவிட்டது. மை நிற்கவில்லை. ஆரம்பகால ஐரிஸ் அச்சுகள் வெளிச்சத்தில் சில ஆண்டுகளிலேயே மங்கத் தொடங்கின.

இதில் யாரும் ஏமாற்றவில்லை. ஐரிஸின் கண்ணாடி முனை முடியைவிட மெல்லியது. அதிலிருந்து விநாடிக்குச் சுமார் பத்து லட்சம் துளிகள் கிளம்பும். வேண்டாத துளிகளுக்கு மின்னூட்டம் கொடுத்து வழியிலேயே ஒதுக்கிவிடுவார்கள், மிச்சம் காகிதத்தில் விழும். அவ்வளவு சின்ன ஓட்டையில் தூள் கலந்த மையை விட்டால் அடைத்துக்கொள்ளும். ஆகவே சாயம். காட்டிவிட்டுத் தூக்கிப்போடும் மாதிரிக்கு அது போதும். சரியான மைதான், கேள்விதான் நடுவில் மாறிவிட்டது.

சாயத்துக்கும் நிறமிக்கும் உள்ள வித்தியாசத்தை நம் வீட்டிலேயே பார்க்கலாம். டிகாஷன் தண்ணீரில் முழுக்கக் கரைந்திருக்கும், துணியில் பட்டால் இழைக்குள் இறங்கிவிடும். சாயம் அப்படி. ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனியாக வெளிச்சத்திடம் மாட்டிக்கொள்ளும். நிறமி கரைத்த கோலமாவு மாதிரி. கரைந்தது போலத் தெரியும், ஆனால் துகளாகவே இருக்கும். வெளிச்சம் துகளின் மேற்புறத்தைத் தின்றாலும் உள்ளே நிறம் மிச்சமிருக்கும். ஆனால் துகள் ஒளியைச் சிதறடிக்கும் என்பதால், சாயத்தின் பளிச்சென்ற நிறம் அதில் வராது. அழகா, ஆயுளா என்பதுதான் அன்றைய பேரம்.

இந்த இடத்தில் ஹென்றி வில்ஹெல்ம் முக்கியமானவர். வண்ணப் புகைப்படங்கள் எவ்வளவு நாள் தாங்கும் என்பதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர். 1993இல் அதைப் பற்றிப் பெரிய புத்தகமே போட்டார். நூறு வருஷம் காத்திருக்க முடியாது. அதனால் அச்சின்மேல் கடும் வெளிச்சத்தைப் பாய்ச்சி, மங்கும் வேகத்தை அளந்து, சாதாரண வீட்டு வெளிச்சத்துக்குக் கணக்குப் போடுவார். மென்பொருளில் நாங்கள் செய்யும் லோட் டெஸ்டும் இதே தர்க்கம்தான். இரண்டுக்கும் ஒரே ஆபத்து: எதைச் சோதித்தோமோ அதற்கு மட்டும்தான் பதில் கிடைக்கும்.

2000இல் அது நடந்தது. எப்சனின் புதிய போட்டோ பிரிண்டர்களுக்கு ஒளிச் சோதனையில் நல்ல பெயர் இருந்தது. வாங்கியவர்கள் சிலரின் வீட்டில் படங்கள் சில வாரங்களில் ஆரஞ்சு நிறமாகின. காரணம் வெளிச்சம் இல்லை, காற்றிலிருந்த ஓசோன். அது சயான் சாயத்தை மட்டும் அரித்துவிட, மற்ற நிறங்கள் மிஞ்சின. அதற்குப் பிறகு ஓசோனுக்கும் சோதனை வந்தது.

அதே காலத்தில் எப்சன் பெரிய அளவு அச்சுக்கு நிறமி மையும் கொண்டுவந்தது. ஆயுள் கிடைத்தது. ஆனால் நிறம் சற்று மந்தம். அறைக்குள் சரியாகத் தெரிந்த சாம்பல், வெயிலில் பச்சையடித்தது. 2002இல் வந்த அல்ட்ராகுரோம் மையில் துகள்களுக்குப் பிசின் பூசி, வெளிர் கறுப்பையும் தனியாகச் சேர்த்தார்கள். மூன்று நிறங்களைக் கலந்து சாம்பல் செய்ய வேண்டிய அவசியம் குறைந்தது. பேரம் ஏறக்குறைய அங்கே முடிந்தது. நாஷின் ஐரிஸ் 2005இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது.

நம் ஊர் ஃப்ளெக்ஸில் கதை தலைகீழ். பிவிசி பரப்பில் தண்ணீர் மை ஒட்டாது. அதனால் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கரைத்து உள்ளே இறங்கும் சால்வென்ட் மை. உள்ளே இருப்பது நிறமி, வெயிலுக்கும் மழைக்கும் அசையாது. புது பேனரின் மூக்கைத் துளைக்கும் நெடி அந்தக் கரைப்பானுடையது. அச்சடிப்பவர் அதை நாள்முழுக்கச் சுவாசிக்கிறார். காதுகுத்து மூன்று மணி நேரம். மை மூன்று கோடையைத் தாங்கும். விழா முடிந்து ஃப்ளெக்ஸ் ஆட்டோவுக்குக் கூரையாகும், மாட்டுக்கொட்டகைக்குத் தடுப்பாகும், அதற்குப் பிறகும் மண்ணில் கிடக்கும்.

நல்ல மை எது என்று கேட்டால் அச்சகக்காரர் திருப்பிக் கேட்பார்: எங்கே மாட்டப்போறீங்க, எத்தனை நாளைக்கு? முதல் கேள்விக்கு நாம் பதில் சொல்கிறோம். இரண்டாவதற்கு ஐரிஸ் வாங்கியவர்களிடமும் பதில் இல்லை, பேனர் கட்டுகிற நம்மிடமும் இல்லை. அவர்களுக்குப் படம் சீக்கிரம் போய்விட்டது. நமக்குப் போகவே மாட்டேன் என்கிறது.