ஆச்சியின் பீடித்தட்டும் என் லேப்டாப்பும்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டீங்க, "கழுத்துவலி சரியாச்சா?"ன்னு. இன்னும் இல்லை. ஆனா அந்த வலிக்கு ஒரு வரலாறு இருக்கு. அதைச் சொல்றேன்.

எங்க ஆச்சி ஊர் முக்கூடல். தாமிரபரணிக் கரை. லீவுக்குப் போய், அங்கேயும் பத்து மணி நேரம் லேப்டாப்பும் கையுமா உட்கார்ந்திருந்தேன். எதிரே ஆச்சி, மடியில் தட்டோட பீடி சுத்திக்கிட்டு இருந்தா. இலையை வெட்டி, தூளை வச்சு, சுருட்டி, நூல் கட்டணும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கூலி. "கழுத்து வலிக்கு ஆச்சி"ன்னேன். "எனக்கு நாப்பது வருசமா வலிக்கில. வலிக்குன்னு நிறுத்துனா ஆயிரம் எப்பம் ஆவும்?"ன்னா.

உட்கார்ந்தே செய்கிற வேலை உடம்பைக் கெடுக்கும் என்பது புதுசு இல்லை. இத்தாலி மருத்துவர் ராமசினி, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுத்தர்களைப் பற்றி எழுதினார். அவர் காட்டிய காரணங்கள் மூன்று: ஓயாமல் உட்காருவது, கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, மனதின் இறுக்கம். பேனா இருந்த இடத்தில் கீபோர்டை வைத்துப் பாருங்க. அப்படியே பொருந்தும்.

சட்டமும் வந்தது. 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்னு அது வேலைக்கு வரம்பு வச்சது. 5 மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வும் கொடுக்கச் சொன்னது. ஆனா இந்த நேரக் கணக்கு தொழிற்கூடத்துக்குத்தான் இருந்தது. கேரளத்தில் 1968இல் சட்டத்தை அமல்படுத்தப் போனபோது, கண்ணூரில் முதலாளிகள் கூடங்களையே மூடினார்கள். வேலை இழந்தவர்கள் 1969இல் தினேஷ் பீடி என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். நம்ம நெல்லைப் பக்கம் வேலை பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில்தான் நடக்குது. திண்ணையில் மணி பார்க்க யாரு வருவா? முக்கூடலில் பீடித் தொழிலாளருக்கு மத்திய அரசு மருத்துவமனையே இருக்கு. வலி வந்த பிறகு போக இடம் உண்டு. வலி வராமல் தடுக்கும் மணிக்கணக்குதான் வாசலோட நின்னுபோச்சு.

'ஒர்க் ஃப்ரம் ஹோம்' வந்தப்ப நாம சந்தோஷப்பட்டோம். ஆனா ஆபீஸ் வீட்டுக்குள் வந்தப்ப, வேலை முடியும் நேரம் மட்டும் கூட வரலை.

ஆச்சிக்கும் எனக்கும் ஒரே வலின்னு சொல்ல மாட்டேன். அவ மூச்சில் புகையிலைத் தூள் போகுது, என் சம்பளமும் அவ கூலியும் ஒண்ணில்லை. ஆனா குனிஞ்ச கழுத்து ஒண்ணுதான். எனக்கு கூடுதலா கண் எரிச்சல். திரையைப் பார்க்கும்போது இமைக்கிறது குறையும், கண் காயும். அதுக்கு 20 நிமிஷத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தை, 20 விநாடி பார்க்கச் சொல்றாங்க. நல்ல யோசனை. ஆனா எழுந்திரிக்க நேரம் கொடுக்காத வேலையில் அது எப்படி நடக்கும்?

ராத்திரி ஒன்பது மணிக்கு லேப்டாப்பை மூடினேன். ஆச்சி நிமிரவே இல்லை. "நீ போய்ப் படுல, எனக்கு இன்னும் நாலு கட்டு கிடக்கு"ன்னா.