குதிரைமேல் வீற்றிருந்த அதிகாரம்

ரோமாபுரியின் காப்பிடோலியக் குன்றுக்கு உரியதான, மார்க்கஸ் ஔரேலியஸ் சக்கரவர்த்தி குதிரைமேல் அமர்ந்து வலக்கரத்தை நீட்டியிருக்கும் வெண்கலப் பிரதிமையைப் பற்றி ஒரு விசித்திரமான சமாசாரம் உண்டு. பழைய ரோமில் இத்தகைய பிரதிமைகள் அநேகம் இருந்தன. சாம்ராஜ்யம் சிதைந்த பின்பு வந்த நூற்றாண்டுகளில், வெண்கலத்தின் விலையை அறிந்தவர்கள் வேலைப்பாட்டின் அருமையை அறியாதவர்களாகையால், ஏறக்குறைய எல்லாம் உலையில் போடப்பட்டு உருவழிந்தன. கி.பி. 175-ஐ ஒட்டிய காலத்தில் வார்க்கப்பட்டதாகக் கருதப்படும் இந்த ஒன்று தப்பியதற்குக் காரணம், குதிரைமேல் இருப்பவர் கிறிஸ்தவ மதத்தை ஆதரித்த கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி என்று மத்திய கால ஜனங்கள் எண்ணிக்கொண்டதுதான். தத்துவ ஞானியான ஓர் அரசர் பல நூற்றாண்டு காலம் இன்னொருவருடைய பெயரில் உயிர் பிழைத்திருந்தார். 1538-இல் போப்பாண்டவர் மூன்றாம் பால் அதைக் குன்றின்மேல் கொண்டுவந்து நிறுத்தச் செய்தார். அதற்குப் பீடமும் சுற்றிலும் சதுக்கமும் வகுத்தவர் மைக்கேலாஞ்சலோ. இன்று சதுக்கத்தில் நிற்பது பிரதி; மூலம் அருகிலுள்ள காட்சிசாலைக்குள் பத்திரமாக இருக்கிறது.

பிற்கால ஐரோப்பாவின் அரசர்களும் தளபதிகளும் தங்கள் உருவத்தை நாற்சந்தியில் நிறுத்த ஆசைப்பட்டபோதெல்லாம், அவர்களுடைய சிற்பிகள் இந்தப் பிரதிமையைத்தான் மனத்தில் வைத்துக்கொண்டார்கள். அதன் அர்த்தத்தைக் கல்வியறிவு இல்லாதவனும் ஒரு பார்வையில் கிரகித்துக்கொள்வான்: கீழே இருப்பது பலம், மேலே இருப்பது புத்தி, பலம் புத்திக்கு அடங்கி நடக்கிறது, ஆகவே ஜனங்களே, நீங்களும் அடங்கி நடவுங்கள். மேலே இருப்பவர் குதிரையைப் பார்ப்பதே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது தம் சொல்லை மீறக்கூடும் என்ற சந்தேகம் அவருக்கு லவலேசமும் கிடையாது.

படுவா நகரத்தில் 1453-இல் நிறுத்தப்பட்ட தொனதெல்லோவின் கட்டமெலாட்டாவும், வெரோக்கியோ தொடங்கிவிட்டு இறந்துபோக, அலெஸ்ஸாண்ட்ரோ லெயோபார்டி வார்த்து முடித்து 1496-இல் வெனிஸில் திறக்கப்பட்ட கொல்லியோனியும் இந்த வமிசத்தின் மிகச் சிறந்த வாரிசுகள். இருவரும் கூலிக்குப் படை நடத்திய தளபதிகள் என்பதை மறந்துவிடும்படி செய்கிறது அந்த வெண்கலத்தின் கம்பீரம். கட்டமெலாட்டாவின் குதிரை தூக்கிய முன்னங்காலை ஒரு கோளத்தின்மேல் ஊன்றியிருக்கிறது. அலங்காரம்போலத் தோன்றினாலும், அத்தனை பாரத்தையும் மூன்று கால்களை நம்பி விடுவதற்குச் சிற்பிக்குத் தைரியம் வரவில்லை என்பதே என் அபிப்பிராயம். குதிரையைப் பின்னங்கால்களில் எழும்பி நிற்கச் செய்வதற்கு 1640-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாட்ரிடில் உள்ள நான்காம் பிலிப்பு மன்னரின் பிரதிமையில் பியெத்ரோ டக்கா அதைச் சாதித்தார்.

இந்தக் கஷ்டத்தை நம் ஸ்தபதிகள் எளிதில் புரிந்துகொள்வார்கள். மெழுகிலே உருவம் செய்து, மேலே மண்ணைப் பூசி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றும் முறை சுவாமிமலைக்கும் இத்தாலிக்கும் பொதுவானது. ஆனால், காவேரியின் வண்டல் மண்ணைப் பூசி நம்மவர்கள் வார்க்கும் விக்கிரகங்கள் பெரும்பாலும் உள்ளும் கனமானவை. ஆள் உயரத்துக்கு மேற்பட்ட குதிரையை அப்படி வார்த்தால் அதன் கால்களே அதைத் தாங்கமாட்டா. ஆறும்போது உலோகம் சுருங்கி வெடிக்கவும் செய்யும். ஆகவே உள்ளே மண்கரு ஒன்றை நிறுத்தி, அதன்மேல் விரல் கனத்துக்கு மெழுகை ஒரே சீராகப் படியவைத்து, பொள்ளலாக வார்க்க வேண்டியிருந்தது. லெயொனார்டோ டாவின்சி மிலான் பிரபுவுக்காக ஏறத்தாழ 7 மீட்டர் உயரத்தில் திட்டமிட்ட குதிரை, வார்ப்பதற்கு முன்பே யுத்தத்துக்கு இரையாயிற்று: அதற்காகச் சேர்த்துவைத்த சுமார் 70 டன் வெண்கலம் 1494-இல் பீரங்கி செய்வதற்கு அனுப்பப்பட்டது, 1499-இல் மிலானுக்குள் புகுந்த பிரெஞ்சுப் படையினர், அவருடைய களிமண் மாதிரியை அம்பெய்து பழகும் இலக்காகக் கொண்டு பாழாக்கினார்கள்.

சென்னையிலும் இந்த வமிசத்துக் குதிரை ஒன்று நிற்கிறது. 1839-இல் நிறுவப்பட்ட ஸர் தாமஸ் மன்றோவின் பிரதிமையில் சேணமும் அங்கவடியும் இல்லாததைக் கண்டு, சிற்பி ஃபிரான்ஸிஸ் சான்ட்ரி அவற்றை மறந்துவிட்டார் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. லண்டனில் அவர் செய்த நான்காம் ஜார்ஜ் மன்னருக்கும் அவை இல்லை. ரோமானியர் அங்கவடியை அறியாதவர்கள். சான்ட்ரி பின்பற்றியது அவர்களைத்தான்.

இத்தனை நீண்ட சம்பிரதாயத்தைத் தலைகீழாகப் புரட்டியவர், அது பிறந்த இத்தாலியிலேயே பிறந்த மரீனோ மரீனி. டஸ்கனியில் உள்ள பிஸ்டோயா என்ற ஊரில் 1901-இல் பிறந்து, புளோரன்ஸ் கலைக் கழகத்தில் பயின்று, 1929 முதல் மோன்ஸாவிலும் பின்பு மிலானின் பிரேரா கழகத்திலும் ஆசிரியராக இருந்தவர் அவர். டஸ்கனியின் பூர்வகுடிகளான எட்ருஸ்கர்களின் சிற்பங்கள் தம் ரத்தத்தோடு ஒட்டியவை என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. 1934-இல் ஜெர்மனிக்குச் சென்றபோது, பாம்பெர்க் தேவாலயத்தில் உள்ள 13-ஆம் நூற்றாண்டுக் கல் குதிரைவீரனைக் கண்டார். கர்வமின்றி எங்கோ நோக்கியவண்ணம் அமைதியாக அமர்ந்திருந்த அந்த உருவம் அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. 1936 முதல் குதிரையையும் மனிதனையும் சேர்த்து அவர் செய்யத் தொடங்கினார்.

அக்காலத்து இத்தாலியில் குதிரைமேல் இருந்தது யார் என்று நினைவுகூர்வது அவசியம். 1929-இல் போலோன்யா விளையாட்டரங்கில் முஸோலினியின் பிரதிமை ஒன்று, கியுசெப்பே கிராட்ஸியோஸி வார்த்தது, குதிரைமேல் ஜம்பமாக எழுந்து நின்றது. 1943 ஜூலையில் சர்வாதிகாரி வீழ்ந்தவுடன் ஜனங்கள் அவரை மாத்திரம் இழுத்துத் தள்ளினார்கள்; குதிரை தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. யுத்தம் முடிந்த பிறகு அந்த வெண்கலத்தை உருக்கி, லூசியானோ மிங்குட்ஸி என்ற சிற்பி, விடுதலைக்காகப் போராடிய ஓர் ஆண், ஒரு பெண் ஆகிய இருவருடைய பிரதிமைகளை வார்த்தார். பீரங்கிக்குப் போன லெயொனார்டோவின் வெண்கலத்தைவிட இதற்கு நல்ல கதி வாய்த்தது.

இந்த ஆர்ப்பாட்டத்தின் நடுவே மரீனி செய்த முதல் வீரர்கள் நிராயுதபாணிகள், நிர்வாணிகள். சேணமில்லை, கவசமில்லை, பருத்த உடலும் சிறிய தலையுமாக, எதற்காகக் குதிரைமேல் ஏறினோம் என்று யோசிப்பவர்போல அமர்ந்திருக்கிறார்கள். யுத்தம் அவருடைய வாழ்வையும் விடவில்லை. மிலானில் அவருடைய வீடும் சிற்பசாலையும் குண்டுவீச்சில் அழிந்தன. தாம் மரீனா என்று அழைத்த மனைவியோடு ஸ்விட்சர்லாந்தின் டிசினோ பிரதேசத்துக்குச் சென்று, 1946 வரை அங்கே தங்கினார். வெடிச்சத்தத்துக்கு மிரண்டு பாய்ந்த குதிரைகளும், அவற்றை அடக்க முடியாமல் தத்தளித்த குடியானவர்களும் அவர் நினைவில் தங்கிவிட்டார்கள்.

1948-இல் அவர் செய்த ‘நகரத்தின் தேவதூதன்’ வெனிஸின் பெரிய கால்வாய்க் கரையில், கலைப்பொருள் சேகரித்துவந்த பெக்கி குகன்ஹைம் அம்மையாரின் மாளிகை வாயிலில் நிற்கிறது. சற்று நின்று பார்க்க வேண்டிய சிற்பம் அது. குதிரை நான்கு கால்களையும் தரையில் அறைந்ததுபோல ஊன்றி, கழுத்தை ஏர்க்காலைப் போல் நேரே நீட்டியிருக்கிறது. அதற்குச் செங்குத்தாக நிமிர்ந்த மனிதன், இரு கைகளையும் விரித்து, முகத்தை ஆகாயத்துக்குக் காட்டுகிறான். கைகள் விரிந்திருப்பதால் கடிவாளம் பிடிக்க யாருமில்லை. அது பரவசமா, சரணாகதியா என்று தீர்மானிக்க முடியாதபடி சிற்பி நிறுத்திவிட்டார். அந்த மனிதனுடைய ஆண்மைக் குறியைத் தனியாக வார்த்து, திருகிக் கழற்றும்படி பொருத்தியிருந்தார்கள். திருநாட்களில் கன்னியாஸ்திரீகள் படகில் அவ்வழியே செல்லும்போது அதைக் கழற்றி வைத்துவிடுவதுண்டு என்று அம்மையாரே தம் வாழ்க்கை வரலாற்றில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார்.

1950-க்குப் பிறகு ‘அற்புதம்’ என்று பெயரிட்ட வரிசையில் குதிரை செங்குத்தாக எழும்புகிறது. மனிதன் அதன் முதுகிலிருந்து பின்புறமாகச் சரிகிறான். டக்காவின் குதிரையும் எழும்பிற்று. ஆனால் அது எஜமானனின் ஆணைப்படி எழும்பியது. 1960-ஐ ஒட்டிய ‘போர்வீரன்’, ‘கூக்குரல்’ முதலியவற்றில் குதிரை தரையில் விழுந்து கிடக்கிறது. எது விலங்கின் விலா, எது மனிதனின் தொடை என்று பிரித்தறியவொண்ணாமல் இரண்டும் உடைந்த கோணங்களாகக் கலந்துவிடுகின்றன. தம்முடைய ஒவ்வொரு வீரனும் முந்தியவனைக் காட்டிலும் குதிரையை அடக்கத் திறனற்றவன் என்றும், வெற்றி வீரன் என்னும் புராணம் கரைந்து முடிவதையே தாம் உருவாக்கி வருவதாகவும் மரீனியே விளக்கியிருக்கிறார்.

வேலை முறையும் இக்கருத்துக்கு இசைந்தது. சுண்ணச்சாந்தில் உருவத்தை எழுப்பி, அது காய்ந்த பின் உளியால் கொத்தியும் சுரண்டியும் திருத்துவார். வார்ப்பு முடிந்த பின்பும் வெண்கலத்தை விட்டுவிடமாட்டார். உளியால் கீறி, அரத்தால் தேய்த்து, அமிலத்தால் அரித்து, சிலவற்றுக்கு வர்ணமும் தீட்டுவார். அரண்மனைச் சிற்பிகள் மெருகேற்றி மறைத்த தழும்புகளை இவர் வேண்டுமென்றே உண்டாக்கினார். சர்வாதிகாரத்திலும் யுத்தத்திலும் இத்தாலி அனுபவித்த அவமானங்களையெல்லாம் இந்தத் தழும்புகளில் கண்டுகொண்டதோ என்னவோ, 1952-இல் வெனிஸ் கலைக் கண்காட்சி சிற்பத்துக்கான முதற்பரிசை அவருக்கு அளித்தது.

அவர் காலத்துக்குப் பிறகும் குதிரைமேல் தலைவர்களை வார்த்து நிறுத்துகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை வீண் வெண்கலச் செலவு என்பதே என் தீர்ப்பு. மரீனிக்குப் பின், குதிரை அடங்கி நடக்கும் என்ற அந்தப் பழைய நிச்சயத்தோடு ஒரு மனிதனைக் குதிரைமேல் ஏற்றுவது எந்த யோக்கியமான சிற்பிக்கும் சாத்தியமில்லை.

மரீனி 1980 ஆகஸ்டில் வியரெஜ்ஜியோவில் காலமானார். புளோரன்ஸுக்குச் செல்கிற நம்மவர்கள் உஃபிஸி காட்சிசாலையோடு திரும்பிவிடாமல், சான் பன்கிராஸியோ என்ற பழைய தேவாலயத்தையும் விசாரித்துக்கொண்டு போக வேண்டும். 1988 முதல் அவருடைய சிற்பங்கள் பல அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன.