முதலைக்குள் பஞ்சு

ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வருகிறான் வந்தியத்தேவன். ஏரியின் 74 கணவாய்களிலும் நீர் ஓடுகிறது. கரையெங்கும் சித்திரான்னமும் பாட்டும். அவனிடம் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொடுத்தனுப்பிய இரண்டு ஓலைகள்: ஒன்று தஞ்சையில் தந்தை சுந்தர சோழருக்கு, மற்றது பழையாறையில் தங்கை குந்தவைக்கு. ‘கல்கி’ இதழில் 1950இல் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியது இப்படித்தான். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்க அறிஞர் ஜோசப் கேம்பலின் நூல் வெளிவந்திருந்தது. பல நாட்டுப் புராணங்களை ஒப்பிட்டு நாயகனின் பயணத்துக்கு அவர் ஒரு பொதுத்தடம் வகுத்தார்: அழைப்பு, தயக்கம், எல்லை கடத்தல், துணை, சோதனை, பேறு, வீடு திரும்பல்.

வந்தியத்தேவனுக்கும் இந்தத் தடத்துக்கும் பொருத்தம் பார்த்தால், கதையில் வரும் குடந்தை சோதிடர்கூட பத்துக்கு ஏழாவது தேறும் என்பார். பெரிய பழுவேட்டரையரின் இளையராணி நந்தினி தந்த பனை இலச்சினை மோதிரம் தஞ்சைக் கோட்டைக்குள் விடுகிறது. கோடிக்கரையில் பூங்குழலியின் படகு கடல் கடத்துகிறது. துணைக்கு ஆழ்வார்க்கடியான், கூப்பிடாமலே வந்து நிற்பவன். தயக்கம் ஒன்றுதான் இல்லை. ஓலை கைக்கு வந்தால் அவனுக்குக் கால் நிற்காது.

அரிசிலாற்றங்கரைக் காட்சியை இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். பெண்கள் கூடியிருக்கிறார்கள், அருகே வாயைப் பிளந்தபடி முதலை. குதிரையிலிருந்து குதித்து ஓடிவந்து வேலை வீசுகிறான். வேல் தைக்கிறது, முதலை அசையவில்லை. பெண்கள் சிரிக்கிறார்கள். அது பஞ்சு அடைத்த பொம்மை முதலை. எந்தப் புராணத்திலும் நாயகன் அசுரனைக் கொல்லும் இடம் இது. கல்கி அங்கே பஞ்சை அடைத்து வைத்து, குந்தவையின் முன்னால் அவனை அசடு வழிய நிறுத்துகிறார். வாராவாரம் படித்தவர்களுக்கு இந்த வாணர்குலத்து வீரன்மேல் ஒட்டுதல் வந்தது அந்த அசட்டுத்தனத்தால்தான் என்பேன்.

ஆனால் கரிகாலன் கொல்லப்படும் கடம்பூரில் சிரிப்பில்லை. கரிகாலனைக் காக்கவென்றே குந்தவை அனுப்பிய ஆள், கொலை நடந்த மாளிகையிலேயே இருந்தும் காக்க முடியாமல் போகிறான். பழியும் அவன் தலையில் விழுந்து, பாதாளச் சிறையில் கிடக்கிறான். கேம்பலின் நாயகன் இருளில் இறங்கினால் பேறோடு ஏறி வருவான். இவன் ஏறி வரும்போது கையில் ஒன்றுமில்லை. பேறு கிடைத்தது இன்னொருவனுக்கு. அவனும் அதை வைத்துக்கொள்ளவில்லை. கரிகாலனின் தம்பி அருள்மொழிவர்மன் மணிமுடியை எடுத்துத் தன் சிற்றப்பன் மதுராந்தகனுக்குச் சூட்டுகிறான். ஒரே நாயகனுக்கு உரியதைக் கல்கி இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்: அலைச்சல் இவனுக்கு, முடி துறக்கும் பெருமை அவனுக்கு. ‘பொன்னியின் செல்வன்’ என்ற நூலின் பெயரும் அவனுக்கே.

அந்த ஏரியை ஒட்டிய காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடிக் கல்வெட்டு கரிகாலனைக் கொன்ற துரோகிகளைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. பயணம் தொடங்கிய கரைக்குப் பக்கத்திலேயே அதன் துயர முடிவும் கல்லில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டோ வல்லவரையர் வந்தியத்தேவரைக் குந்தவையின் கணவர் என்கிறது. நாவல் அந்தத் திருமணம்வரை போகவில்லை. வந்தியத்தேவனைக் காதலித்த மணிமேகலையின் உயிர் பிரிவதோடு கதையை நிறுத்திக்கொண்ட கல்கி, வாசகர்கள் கேட்ட பிறகே மற்றதை முடிவுரையில் சொன்னார்.