பாலித் தீவின் பனை ஓலை கணினிக்கு வந்த கதை

இந்தோனேசியாவைச் சேர்ந்த பாலித் தீவில் 210 நாட்களுக்கு ஒரு முறை சரஸ்வதி பூஜை வரும். அவர்களுடைய பவுக்கோன் நாட்காட்டியில் 210 நாள்தான் ஒரு சுற்று. அந்தச் சுற்றின் கடைசிச் சனிக்கிழமை கலைமகளுக்கு உரியது. வீட்டில் இருக்கும் ஓலைச்சுவடிகளை வெளியே எடுத்துத் தூசி தட்டி, அடுக்கி வைத்து, பூவும் பலகாரமும் படைப்பார்கள். அன்று படிக்கக் கூடாது, எழுதக் கூடாது என்பது அங்கேயும் மரபு. சிறு வயதில் அந்த ஒரு நாள் விடுதலைக்காகக் காத்திருந்த நமக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும்.

பூஜை முடிந்தபின் அந்தச் சுவடிகளைப் பிரித்துப் படிக்கிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. பல வீடுகளில் அவை மறுபடியும் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் போய்விடுகின்றன. அந்த ஓலைகளின் எழுத்து கணினிக்கு எப்படி வந்தது, வந்ததால் என்ன ஆனது என்று அண்மையில் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் அந்த எழுத்தின் பூர்வீகம். அது நமக்குத் தூரத்து உறவு. இன்றைய இந்தோனேசியாவில் கிடைத்த மிகப் பழைய கல்வெட்டுகளில் சில, போர்னியோவின் கூத்தாய் பகுதியில் நட்ட வேள்வித் தூண்களில் இருக்கின்றன. காலம் சுமார் கி.பி. 400. மொழி சமஸ்கிருதம், எழுத்து, அறிஞர்கள் பல்லவ எழுத்து என்று அழைக்கும் தென்னிந்திய வடிவம். அது ஜாவாவில் வளர்ந்து காவி எழுத்தானது. காவியிலிருந்து ஜாவா எழுத்தும் பாலி எழுத்தும் அக்காள் தங்கை போலப் பிரிந்தன. பாலியின் சானூர் கடற்கரையருகே பிலான்ஜோங் என்ற இடத்தில் கி.பி. 914ஆம் ஆண்டுத் தூண் ஒன்று நிற்கிறது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய பாலி மொழியை வடநாட்டு நாகரி வகை எழுத்திலும், சமஸ்கிருதத்தைக் காவி எழுத்திலும் பொறித்திருக்கிறார்கள். எழுத்து வேறு, மொழி வேறு என்பது ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கல்லிலிருந்து எழுத்து ஓலைக்கு வந்தது. பாலியில் சுவடிக்கு லொந்தார் என்று பெயர். 'ரோன்' என்றால் இலை, 'தால்' என்றால் பனை. ரோன்தால் என்பதுதான் வாய்வழக்கில் லொந்தார் ஆனது. நம் ஊர்ப் பனையேதான். ஓலையைப் பதப்படுத்தி, சிறு கத்தி போன்ற எழுத்தாணியால் கீறி எழுதுவார்கள். பிறகு கெமிரி என்னும் எண்ணெய்ப் பசையுள்ள கொட்டையைச் சுட்டுக் கரியாக்கித் தேய்ப்பார்கள். கீறலில் கரி ஏறி எழுத்து தெரியும். இராமாயண, பாரதக் காவியங்கள், வைத்தியம், நாள் பார்க்கும் சாத்திரம், அரச வம்சக் கதை எல்லாமே ஓலையில்தான்.

அங்கே எழுத்துக்குத் தெய்வத்தன்மை உண்டு. எரியூட்டும் சடங்கில் இறந்தவர் மேல் போர்த்தும் வெள்ளைத் துணியில் மந்திர எழுத்துகளை எழுதுகிறார்கள். 'தசாட்சரம்' என்று பத்து எழுத்துகள் உண்டு. அவற்றில் முதல் ஐந்து சிவனின் ஐந்து முகங்களைக் குறிப்பவை. மற்ற ஐந்தும் ந, ம, சி, வ, ய. வேறு விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இந்தப் பக்தியே ஒரு வகையில் வினையாகவும் ஆனது. சில சுவடிகளைக் கண்டவர் கையில் கொடுக்கக் கூடாது, தகுதியில்லாதவர் படித்தால் கேடு வரும் என்ற அச்சம் இருந்தது. படிக்கத் தெரிந்த தாத்தா போனபின், பேரப்பிள்ளைகள் அதைத் தொடவே பயந்தார்கள். தொடாத ஓலை பூச்சிக்கு இரையாகும். அங்கே நல்ல மழை, எப்போதும் ஈரக்காற்று. நூறு, நூற்றைம்பது வருடம் தாங்கினால் பெரிது. அதற்குள் யாராவது உட்கார்ந்து புது ஓலையில் படியெடுக்க வேண்டும். இன்று நாம் பார்க்கும் சுவடிகளில் பெரும்பாலானவை இப்படிப் படிக்குப் படி, படிக்குப் படி என்று வந்தவைதான்.

படியெடுத்ததன் அருமைக்கு ஒரு சம்பவம் போதும். 1894இல் டச்சுக்காரர்கள் லொம்போக் தீவில் பாலி அரசரின் அரண்மனையைத் தாக்கினார்கள். படையோடு போன பிராண்டஸ் என்ற மொழியறிஞர் அங்கிருந்த சுவடிகளைக் காப்பாற்றினார். அவற்றில் ஒன்று, மஜாபாகித் பேரரசைப் பற்றி 1365இல் பிரபஞ்சர் என்ற புலவர் இயற்றிய 'நாகரகிருதாகமம்'. ஜாவாவில் பிறந்த நூல், ஜாவாவில் அழிந்துபோய், பாலிக்காரர்கள் எடுத்த படியால் பிழைத்தது. இன்று இந்தோனேசிய வரலாற்றுக்கே அது முதன்மையான சான்று.

1928இல் பாலியின் வடகரையில் உள்ள சிங்கராஜா நகரில் கெடோங் கிர்த்தியா என்ற சுவடி நூலகம் தொடங்கினார்கள். ஓலையைத் தர மனமில்லாதவர்களிடம் இரவல் வாங்கி, ஆள் வைத்துப் புது ஓலையில் படியெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அதே காலத்தில் பள்ளிக்கூடங்களில் ரோமன் எழுத்து வேரூன்றிக்கொண்டிருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தோனேசிய மொழியும் ரோமன் எழுத்தும் அரசு, பத்திரிகை, வேலை என்று எல்லாவற்றுக்கும் வந்துவிட்டன. பாலி மொழியையே ரோமனில் எழுதுவது வழக்கமாயிற்று. பழைய எழுத்து பள்ளியில் ஒரு சிறு பாடமாகவும், பூஜையறையில் ஒரு பொருளாகவும் ஒதுங்கியது.

ரோமனில் எழுதினால் என்ன குறை என்று கேட்கலாம். பாலி எழுத்தில் மூன்று 'ச' உண்டு. பேசும்போது மூன்றும் ஒன்றுதான். ஆனால் எந்த 'ச' என்பதை வைத்து, சொல் எங்கிருந்து வந்தது, என்ன பொருள் என்று படித்தவருக்குத் தெரியும். அன்றாட ரோமன் எழுத்தில் மூன்றும் ஒன்றாகிவிடும். நம் ல, ள, ழ மூன்றையும் ஒரே எழுத்தால் எழுதிப் பாருங்கள், புரியும்.

கணினி வந்தபோது இந்த எழுத்து பெரிய சோதனையாக இருந்தது. அதன் அமைப்பு அப்படி. மெய்யை 'அ' சேர்த்தே எழுதுவார்கள். இ, உ போன்ற குறிகள் மேலும் கீழும் வரும். 'எ' குறி, நம் கொம்பு போலவே, எழுத்துக்கு முன்னால் நிற்கும். 'ஒ' என்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நம் கொம்பும் காலும் அப்படியே. நம் புள்ளிக்கு ஈடாக 'அதெக் அதெக்' என்ற குறி உண்டு. ஆனால் அதைச் சொல் நடுவில் அதிகம் போட மாட்டார்கள். 'பக்தி' என்று எழுத, 'க' வுக்குக் கீழே சிறிய 'த' வைத் தொங்க விடுவார்கள். அப்படித் தொங்கும் எழுத்துக்குக் 'கந்துங்கான்' என்று பெயர். போதாததற்கு, சொற்களுக்கு இடையே இடைவெளியும் கிடையாது.

1990களில் ஈ மாதே சுவாத்ஜானா என்ற பாலிக்காரர் 'பாலி சிம்பார்' என்ற எழுத்துருவை உருவாக்கினார். அச்சகங்களுக்கும் பள்ளிப் புத்தகங்களுக்கும் அது பெரிய உதவி. ஜேசன் கிளேவி என்பவர் செய்த இன்னொரு எழுத்துருவில், எழுத்துச் சேர்க்கைகளையும் தனித்தனியாக வரைந்து வைத்ததில் 1,400க்கும் மேற்பட்ட வடிவங்கள் இருந்தன. இரண்டிலும் ஒரே சிக்கல். திரையில் பாலி எழுத்து தெரியுமே தவிர, கணினிக்குள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் குறியும்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கிறுக்கல். நமக்கும் இது பழகிய தொல்லைதான். ஒருவர் ஒரு எழுத்துருவில் அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்னொருவர் கணினியில் புரியாத குறிகளாக வந்து நின்ற காலம் பலருக்கு நினைவிருக்கும்.

இதற்குத் தீர்வு யூனிகோட். உலகத்து எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையான எண் கொடுக்கும் ஏற்பாடு அது. 2005 ஜனவரியில் மைக்கேல் எவர்சன் என்ற எழுத்துமுறை வல்லுநரும் அதே சுவாத்ஜானாவும் சேர்ந்து பாலி எழுத்துக்கு முன்மொழிவு அளித்தார்கள். 2006 ஜூலையில் வெளியான யூனிகோடின் 5.0 பதிப்பில் 121 குறிகளோடு பாலி எழுத்து இடம் பெற்றது. கமெலான் இசைக்கான சுரக் குறிகளும் அதில் சேர்த்தி.

இதில் செய்த தந்திரம் எளிமையானது. தொங்கும் எழுத்துகளுக்குத் தனி எண் தரவில்லை. 'க', அடுத்து அதெக் அதெக், அடுத்து 'த' என்று வரிசையாக அடித்தால், இரண்டாவது எழுத்தைக் கீழே தொங்கவிடுவது எழுத்துருவின் பொறுப்பு. முன்னால் நிற்கும் கொம்பையும் மெய்க்குப் பிறகுதான் அடிக்க வேண்டும். இடம் மாற்றி வைப்பது கணினியின் வேலை. அலுவலகத்துத் தமிழ்த் தட்டச்சில் கொம்பை முதலில் அடித்துப் பழகிய எனக்கு, யூனிகோட் தமிழில் இதே மாற்றம் முதலில் கைக்கு வரவே இல்லை.

ஆனால் எண் கிடைத்த மறுநாளே வேலை முடிந்துவிடவில்லை. எழுத்தை இடம் மாற்றி அடுக்கும் திறமை சாதாரணக் கணினிகளுக்கு வரப் பல வருடம் ஆனது. விண்டோஸில் 2015இல் வந்த பத்தாம் பதிப்போடுதான் அது வந்தது. கூகுளின் நோட்டோ வரிசையிலும் பாலி எழுத்துரு சேர்ந்தது.

இதற்கிடையே 2011 வாக்கில், அமெரிக்காவின் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம், பாலி அறிஞர்களோடு சேர்ந்து சுமார் 3,000 சுவடிகளைப் படம் பிடித்து வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பெரிய காரியம். ஆனால் பார்க்கலாம், அவ்வளவுதான். படம் என்பது கணினிக்கு வெறும் கறுப்பு வெளுப்புப் புள்ளிகள். அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது. சரஸ்வதி பூஜையில் அடுக்கிய சுவடி போலவே, கண்ணுக்குத் தெரியும், வாய்க்கு வராது.

ஆகவே அடுத்த வேலை, ஓலையின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்வது. அதற்கென விக்கி முறையில் தளங்கள் வந்தன. இன்று பாலிமொழி விக்கிமூலத்தில் தன்னார்வலர்கள் இதைச் செய்துவருகிறார்கள். ஒன்று கவனித்தீர்களா? பழைய காலத்துப் படியெடுப்பேதான் இது. எழுத்தாணிக்குப் பதில் விசைப்பலகை. ஓலை படிக்கத் தெரிந்த ஆள் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும். இயந்திரத்தால் முடியுமா என்றும் பார்த்தார்கள். 2016இல் கையெழுத்து ஆய்வுக்கான ஒரு சர்வதேச மாநாட்டில் பாலி ஓலைகளை வைத்தே போட்டி நடத்தினார்கள். அந்த இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கவும், ஓலையைப் படித்துச் சரியான எழுத்தைக் குறித்துத் தர மனிதர்கள் வேண்டியிருந்தது.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2016 முதல் கிராமங்களுக்குப் பாலி மொழிப் பணியாளர்களை அனுப்புகிறார்கள். அவர்கள் வீடு வீடாகப் போய், அனுமதி கேட்டுப் பெட்டியைத் திறந்து, ஓலைகளைத் துடைத்து, மங்கிய எழுத்துக்குக் கரியேற்றி, என்ன நூல் என்று படித்துச் சொல்கிறார்கள். மந்திரம் என்று பயந்து வைத்திருந்தது குடும்பத்து வைத்தியக் குறிப்பாகவோ, பழைய கதையாகவோ இருக்கலாம். 2018இல் ஆளுநர் ஆணை ஒன்று வந்தது. அலுவலகம், கோயில் போன்ற இடங்களின் பெயர்ப் பலகைகளில் பாலி எழுத்து மேலேயும் ரோமன் எழுத்து கீழேயும் இருக்க வேண்டும். 2019 முதல் பிப்ரவரியைப் பாலி மொழி மாதமாகக் கொண்டாடுகிறார்கள்.

பெயர்ப் பலகை நல்லதுதான். தினமும் கண்ணில் படும் எழுத்து மறக்காது. ஆனால் மேலே இருப்பதை விட்டுவிட்டுக் கீழே இருக்கும் ரோமனையே எல்லோரும் படித்தால், மேலே உள்ளது கோலம் போல அலங்காரமாகிவிடும். என் கணிப்பில், பலகையைவிடவும் எழுத்துருவைவிடவும் அந்த ஊரின் பழைய வழக்கம் ஒன்றுதான் பலமான ஆதாரம். அங்கே வாசிப்புக் குழுக்கள் உண்டு. ஒருவர் ஓலையைப் பார்த்து ஒரு வரியை ராகத்தோடு பாடுவார். பக்கத்தில் இருப்பவர் அதைப் பேச்சுவழக்கில் பொருள் சொல்வார். அப்புறம் அடுத்த வரி. அந்த இரண்டு பேர் இருக்கும்வரை எழுத்து பிழைத்திருக்கும். கணினி அவர்களுக்கு நல்ல கையாளாக இருக்கும்.

இதையெல்லாம் ஏன் தேடிப் படித்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கட்டு ஓலை இருந்தது. ஆண்டுதோறும் சரஸ்வதி பூஜைக்கு இறக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, மறுபடி ஏற்றிவிடுவோம். என்ன நூல் என்று யாருக்கும் தெரியாது, கேட்டவர்களும் இல்லை. அந்த வீட்டை விற்றபோது, குப்பையில் போட மனம் வராமல், பெரியவர்கள் அதைப் பயபக்தியோடு ஆற்றில் விட்டுவிட்டார்கள். நானும் கூடவே போய்க் கும்பிட்டேன்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு கட்டு இன்னும் இருந்தால், அடுத்த பூஜை வரை காத்திருக்காதீர்கள். படிக்கத் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள்.